நேர்முகத் தேர்வில் உங்கள் அனுபவத்தைக் கதையாகச் சொல்வது எப்படி?

திருகோணமலையில் மே முதல் செப்டம்பர் வரை சீசன். உப்புவெளி, நிலாவெளிப் பக்க ஹோட்டல்களில் வேலை தேடிப் போகும் பலர் "நான் பொறுப்பானவன், கடினமாக உழைப்பேன்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். கேள்வி கேட்பவர் அதே வசனத்தை அன்றைக்குப் பலரிடம் கேட்டிருப்பார். பொறுப்பைக் காட்டும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், அது அவர் மனதில் நிற்கும்.

படி 1: ஆறு சம்பவங்கள்

ஒரு கொப்பியில் எழுதுங்கள்: சிக்கலைத் தீர்த்தது, கோபப்பட்டவரைச் சமாளித்தது, பிழைவிட்டுத் திருத்தியது, பலரோடு சேர்ந்து செய்தது, குறுகிய நேரத்தில் முடித்தது, புதிதாகக் கற்றது. கேள்வி எப்படி மாறி வந்தாலும் பெரும்பாலும் இந்த ஆறில் ஒன்று பொருந்தும். வேலை அனுபவம் இல்லையா? பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி, திருவிழாத் தண்ணீர்ப் பந்தல், மாமாவின் கடை எல்லாம் செல்லும்.

படி 2: நான்கு துண்டுகள்

சூழல் 15 விநாடி, உங்கள் பொறுப்பு 15, நீங்கள் செய்தது 45, விளைவு 15. மொத்தம் ஒன்றரை நிமிடம். பலர் சூழலை விளக்கவே ஒரு நிமிடத்தைச் செலவழித்துவிட்டு, முக்கியமான மூன்றாவது துண்டை ஒரே வசனத்தில் முடிக்கிறார்கள்.

"கோபமான விருந்தினரை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்ற கேள்விக்கு ஒரு மாதிரிப் பதில்:

"போன ஓகஸ்டில் ஒரு விடுதியில் வேலை செய்தேன். ஒரு சனிக்கிழமை இரவு ஒரே அறை இரண்டு குடும்பங்களுக்குப் பதிவாகியிருந்தது. வரவேற்பு மேசையில் நான் மட்டும்தான். பிந்தி வந்தவர்களை இருத்தி, பிள்ளைகளுக்கு இளநீர் கொடுத்து, பிழை எங்களுடையது என்றேன். பக்கத்து விடுதிகளுக்குக் கோல் எடுத்தேன். மூன்றாவதில் அறை கிடைத்தது. முதலாளியிடம் அனுமதி வாங்கி, கூடுதல் வாடகையை எங்கள் கணக்கில் போட்டு, ஓட்டோவில் அனுப்பினேன். 25 நிமிடத்தில் முடிந்தது. அடுத்த நாளிலிருந்து இணையப் பதிவையும் பதிவுப் புத்தகத்தையும் காலை, மாலை ஒப்பிட்டேன். சீசன் முடியும்வரை அது திரும்ப நடக்கவில்லை."

இதை நம்பவைப்பவை இளநீரும் 25 நிமிடமும்தான். "நாங்கள் சமாளித்தோம்" என்றிருந்தால் யார் என்ன செய்தார் என்றே தெரிந்திருக்காது. கடைசி இரண்டு வசனங்களை விட்டுவிடாதீர்கள்: பிழையின் காரணம் உங்களுக்குப் புரிந்தது என்பதை அவைதான் காட்டுகின்றன.

படி 3: சத்தமாகச் சொல்லுங்கள்

ஃபோனில் மூன்று தரம் பதிவுசெய்து கேளுங்கள். மனப்பாடம் வேண்டாம், இடையில் ஒரு கேள்வி வந்தால் அறுந்துபோகும். தாளில் நான்கு குறிப்புகள் போதும்: இரட்டைப் பதிவு, தனியாள், மூன்றாவது விடுதி, ஒப்பீடு. நேர்முகம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும் என்றால் அதே குறிப்புகளை வைத்து அந்த மொழியில் சொல்லிப் பழகுங்கள்.

படி 4: துருவல்

"முதலாளியிடம் ஏன் முதலே கேட்கவில்லை?", "இன்று நடந்தால் எதை மாற்றுவீர்கள்?" என்று தோண்டுவார்கள். கட்டிய கதை இங்கேதான் உடையும். ஆகவே சின்னதானாலும் நடந்ததையே சொல்லுங்கள். பழைய முதலாளியைக் குறை சொல்லாதீர்கள். நாளைக்குத் தங்களைப் பற்றியும் இப்படித்தான் பேசுவீர்கள் என்று நினைப்பார்கள். "உங்கள் பலவீனம் என்ன?" என்றால் பிழைவிட்ட சம்பவத்தை எடுங்கள், பிழைக்கு ஒரு வசனம், திருத்தியதற்கு நான்கு.

சான்றிதழ்களின் மூலப்பிரதி, நகல், அடையாள அட்டை எல்லாவற்றையும் முதல் நாள் இரவே கோப்பில் வையுங்கள். மூதூர், கிண்ணியாவிலிருந்து வருபவர்கள் ஒரு பஸ் முன்னதாகவே ஏறுங்கள். காத்திருக்கும்போது அந்த நான்கு குறிப்புகளை மட்டும் பாருங்கள்.