பழைய போட்டோவில் பண்ணையத்தைத் தேடுவது எப்படி

கவலை (எருது பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது) ஓட்டும்போதும் களை வெட்டும்போதும் பெரும்பாலும் யாரும் போட்டோக்காரரைக் கூப்பிடவில்லை. கல்யாணம், காதுகுத்து என்றால்தான் டவுனிலிருந்து ஆள் வருவார். அதனால் கொங்குப் பக்கத்து அன்றாட வாழ்க்கையைத் தேடுகிறவர்கள் நடுவில் நிற்கும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். மாடு கட்டும் கட்டுத்தறி, சோளத்தட்டுப் போர், கிளுவை வேலி, சாளை (தோட்டத்து வீடு) எல்லாம் அங்கேதான் இருக்கும்.

முதலில் நகல். சட்டத்துக்குள் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், படமே கண்ணாடியோடு போய்விடும். திண்ணை நிழலில் வைத்து, மேலே ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு போனில் நேராக எடுத்தால் போதும். தனியாக இருக்கும் படத்தை 600 டிபிஐயில், கலரிலேயே, ஓரம் வெட்டாமல் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும்.

காலம் சொல்வது பெரும்பாலும் அந்தப் பின்பக்கம்தான். ஈரோடு, கோபி ஸ்டூடியோ முத்திரையில் கோவை மாவட்டம் என்றிருந்தால் 1979க்கு முந்தியது, பெரியார் மாவட்டம் என்றிருந்தால் அதற்குப் பிந்தியது (பழைய முத்திரையைத் தேயும்வரை குத்தியவர்களும் இருந்திருப்பார்கள், சரி). போட்டோத் தாளின் பின்னால் இந்து (INDU) என்ற பெயர் தெரிந்தால் அது ஊட்டி பிலிம் பேக்டரித் தாள், 1967க்கு முன்னால் இருக்காது. கீழ்பவானி வாய்க்கால் தெரிகிறதா? அதற்குத் தண்ணீர் விடும் பவானிசாகர் அணை முடிந்தது 1955ல். ஆனால் கிணற்றோரம் கரண்டுக் கம்பம் இருப்பதாலேயே படம் புதுசு என்று நினைக்காதீர்கள், பைக்காரா மின்சாரம் 1930களிலேயே கோவைப் பக்கம் வந்துவிட்டது, ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓட அடுத்த தோட்டத்தில் கவலையே ஓடிய காலமும் இருந்தது.

அப்புறம் பெரியவர்கள். எந்த வருஷம் என்று கேட்டால் பதில் வராது. படத்தை டிவியில் பெரிதாகப் போட்டு, "ஏனுங்க அப்பாரு, இந்த எருது கண்ணபுரத்துல புடிச்சதுங்களா?" என்று கண்ணபுரம் மாட்டுச் சந்தையை இழுத்துக் கேளுங்கள், எருதின் உடம்புச் சுழியிலிருந்து விற்றவர் ஊர் வரைக்கும் வரும். போனில் ரெக்கார்டு ஓடட்டும்.

மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பவர் யார் என்றால், "அது பண்ணையத்தாளு" (தோட்டத்தில் வேலை செய்தவர்) என்று முடித்துவிடுவார்கள். அங்கே நிற்காதீர்கள். அவர் வீட்டுத் தெருவுக்குப் படத்தோடு போய்ப் பேர் கேளுங்கள், ஒரு பிரிண்டும் போட்டுக் கொடுங்கள், அவருடைய வேறு படமே அந்த வீட்டில் இல்லாமல் இருக்கலாம். இணையத்தில் போடுவதற்கு முன் அவர்களையும் கேட்க வேண்டும்.

லேமினேஷன் வேண்டாம், பால்பாயிண்ட் பேனாவும் வேண்டாம். பின்னால் மிருதுவான பென்சிலில் ஊர், தோட்டத்தின் பேர், ஆட்களின் பேர் எழுதி, யார் சொன்னது என்பதையும் சேர்த்துவிடுங்கள். பெரியப்பா சொல்லும் வருஷமும் அத்தை சொல்லும் வருஷமும் ஒத்துப்போகாது.