‘அசுத்த இரத்தம்’ முதல் நாக்கு வரைபடம் வரை: மனித உடல் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயப் படத்தில் ஆரிக்கிள் (மேலறை) என்று குறிக்க வேண்டிய இடத்தில் வெண்ட்ரிக்கிள் (கீழறை) என்று குறித்துவிட்டால் முன்வரிசை மாணவரே எழுந்து சொல்லிவிடுவார். அந்த மாதிரித் தவறுகளை விட்டுவிடுவோம். தேர்வுத்தாளில் அகப்படாமல், மாணவர் மனத்தில் பல வருடம் தங்கிவிடும் தவறுகள் வேறு. இன்றைய மூத்த ஆசிரியர்கள் பலரும் தொடக்கத்தில் செய்தவை அவை. புதிதாக வருகிறவர்களும் அதே குழியில்தான் விழுகிறார்கள்.

சுத்த இரத்தம், அசுத்த இரத்தம்

“இதயத்தின் வலப்பக்கம் அசுத்த இரத்தம், இடப்பக்கம் சுத்த இரத்தம்.” எளிமையாகச் சொல்வதாக நினைத்துச் சொல்லப்படும் இந்த ஒரு வாக்கியம் நான்கு பாடங்களைக் கெடுக்கும். எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல் குறைவதில்லை.

அளவுகளைப் பாருங்கள். நுரையீரலிலிருந்து வந்து தமனிகளில் ஓடும் இரத்தத்தில் 100 மி.லி.க்குச் சுமார் 20 மி.லி. ஆக்சிஜன் இருக்கும். ஓய்வாக இருக்கும் ஒருவரின் உடலைச் சுற்றித் திரும்பும் இரத்தத்தில் சுமார் 15 மி.லி. இருக்கும். குறைந்திருப்பது கால் பங்குதான். எனவே ‘ஆக்சிஜன் அற்ற இரத்தம்’ என்பதும் தவறு. ‘ஆக்சிஜன் குறைந்த இரத்தம்’ என்று சொல்லுங்கள். கார்பன் டைஆக்சைடு கணக்கைப் பார்த்தால் ‘சுத்தம்’ என்ற சொல்லே நிற்காது. ‘சுத்த’ இரத்தத்திலேயே 100 மி.லி.க்குச் சுமார் 48 மி.லி. இருக்கிறது, திரும்பி வரும் இரத்தத்தில் சுமார் 52. அதன் பெரும்பகுதி பைகார்பனேட்டாக இருந்து இரத்தத்தின் அமில காரச் சமநிலையைக் காக்கிறது. இதை அழுக்கு என்று சொல்லிக்கொடுத்தால், மூச்சின் வேகத்தைக் கார்பன் டைஆக்சைடு அளவுதான் முக்கியமாக நிர்ணயிக்கிறது என்பதை அடுத்த பாடத்தில் எப்படிச் சொல்வீர்கள்?

நன்றாகப் படிக்கும் மாணவர்தான் முதலில் மாட்டிக்கொள்வார். சிறுநீரகப் பாடம் தொடங்கியதும் கை உயரும்: “நுரையீரல்தான் சுத்தம் செய்துவிட்டதே, பிறகு சிறுநீரகம் எதற்கு சார்?” நியாயமான கேள்வி. சிறுநீரகத் தமனியைவிடச் சிறுநீரகச் சிரையில்தான் சிறுநீரில் வெளியேறும் கழிவான யூரியா குறைவு. சிரை என்றால் அசுத்தம் என்று படித்தவருக்கு இது தலைகீழாகத் தெரியும். சாப்பிட்ட பிறகு குளுக்கோஸ் மிகுந்து ஓடுவது குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையில். கருவுக்கு ஆக்சிஜன் கொண்டுவருவது தொப்புள்கொடிச் சிரை. நுரையீரல் தமனியையும் நுரையீரல் சிரையையும் ‘விதிவிலக்கு’ என்று மனப்பாடம் செய்யவைப்பதும் இந்தத் தவறின் பிள்ளைதான். அங்கே விதிவிலக்கே இல்லை. இதயத்திலிருந்து வெளியே செல்வது தமனி, இதயத்துக்குத் திரும்புவது சிரை. உள்ளே என்ன ஓடுகிறது என்பது இரண்டாவது கேள்வி.

உடலில் இரண்டு வகை இரத்தம் தனித்தனி வழிகளில் ஓடுகிறது என்றார் 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன். 1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி அதைக் கணக்குப் போட்டு உடைத்தார். அதே மாதிரியான கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள்: ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக 5,040 மி.லி. பெரியவர் ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரத்தமே சுமார் 5 லிட்டர். அதே இரத்தம் திரும்பத் திரும்பச் சுற்றாமல் இது நடக்காது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

பிறகு படம். இரட்டைச் சுற்றை (இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று) எட்டு வடிவில், ஒரே நிறத்தில், அம்புக்குறியுடன் முழுதாக வரையுங்கள். நிறம் எங்கே மாற வேண்டும் என்று கேளுங்கள். நுரையீரல் தந்துகிகள், உடல் தந்துகிகள் (மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள்) என்ற இரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் மாறாது. இதயம் நிறத்தை மாற்றுவதில்லை என்பது அப்போதுதான் பிடிபடும். வெளிர் சிவப்பும் அடர் சிவப்பும் பயன்படுத்துங்கள். பாடப்புத்தகத்தில் நீலம் இருந்தால், அது வரைபடக் குறியீடு என்பதை அன்றே சொல்லிவிடுங்கள். கையில் சிரை நீலமாகத் தெரிவது தோல் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தால். ஊசியில் எடுத்தால் அடர் சிவப்புத்தான்.

கடைசியாக ஓர் அட்டவணை. நுரையீரல் சிரை, மகாதமனி, சிறுநீரகச் சிரை, போர்ட்டல் சிரை, நுரையீரல் தமனி ஆகியவை இடப்பக்கம். ஆக்சிஜன், யூரியா, குளுக்கோஸ் மேலே. ‘அதிகம், குறைவு’ என்று நிரப்பச் சொல்லுங்கள். முடித்த வகுப்பில் ‘அசுத்தம்’ என்ற சொல் தானாகவே காணாமல் போகும்.

காற்று வந்ததால் நுரையீரல் விரிகிறது

நேர்மாறு. மார்பறை விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, அதனால் காற்று வருகிறது. நுரையீரலுக்குத் தன்னை விரிக்கும் தசை கிடையாது.

அடி வெட்டிய பாட்டில், வாயில் பலூன், அடியில் ரப்பர் தாள் என்ற பழைய மாதிரி நல்லதுதான். காட்டும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். தாளை இழுத்துப் பலூன் உப்புவதை மட்டும் காட்டினால் எது முன், எது பின் என்பது தெரியாது. முதலில் பலூனின் வெளிவாயை விரலால் அடைத்துக்கொண்டு தாளை இழுங்கள். பலூனில் காற்று நிரம்பாது, இழுக்கவும் கடினமாக இருக்கும். இழுத்த நிலையிலேயே விரலை எடுங்கள். காற்று உள்ளே பாயும், பலூன் உப்பும். இணைப்பில் கசிவு இருந்தால் ஒன்றும் நடக்காது. களிமண்ணால் அடைத்து, முந்தின நாளே சோதித்துவிடுங்கள்.

மாதிரி பொய் சொல்லும் இடங்களையும் சொல்ல வேண்டும். ரப்பர் தாள் குறிக்கும் உதரவிதானம் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) தட்டையான தாள் அல்ல; மேல்நோக்கி வளைந்த கூடாரம், சுருங்கும்போது தட்டையாகிறது. பாட்டிலின் சுவர் அசையாது, விலா எலும்புகள் அசையும். பலூனைச் சுற்றி இருப்பது போன்ற காற்று நிரம்பிய இடைவெளி நுரையீரலைச் சுற்றி இல்லை, மெல்லிய திரவப் படலம்தான் உண்டு.

மூச்சுவிடுதலும் செல் சுவாசமும்

‘சுவாசம்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். மார்பில் காற்று வந்து போவது மூச்சுவிடுதல், செல்லுக்குள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கப்படுவது செல் சுவாசம்.

நாடியைப் 10 விநாடி எண்ணி 6ஆல் பெருக்குவது

ஒரு துடிப்பைத் தவறவிட்டால் விடையில் 6 குறையும். 30 விநாடி எண்ணி 2ஆல் பெருக்குங்கள். கட்டைவிரல் வேண்டாம், அதற்கே துடிப்பு உண்டு. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மணிக்கட்டில் போதும். ஓடி முடித்தபின் எண்ணும்போது மட்டும் முதல் 15 விநாடிக்குள் முடித்து 4ஆல் பெருக்க வேண்டும், ஏனென்றால் வேகம் சட்டென்று இறங்கிவிடும். கழுத்தின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தவிடக் கூடாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள மாணவரை ஓடச் சொல்லாதீர்கள். நேரம் குறிக்கும் வேலையைக் கொடுங்கள்.

ஆட்டிதயத்தை எடுத்ததும் வெட்டுவது

வெட்டுவதற்கு முன் பத்து நிமிடம் விரலுக்குக் கொடுங்கள். இரு பக்கமும் அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருப்பது இடது வெண்ட்ரிக்கிள். அதன் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பு. மகாதமனிக்குள் தண்ணீர் ஊற்றினால் பிறைச்சந்திர வால்வுகள் மூடி அதைத் தாங்கும். வெட்டிய பிறகு இதைக் காட்ட முடியாது. வாங்கும்போதே இரத்தக் குழாய்களும் ஆரிக்கிள்களும் நறுக்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாத இதயம் பாதிப் பாடம்தான்.

நாக்கு வரைபடம்

நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று நாக்கைச் சுவைவாரியாகப் பிரித்துக் காட்டும் படத்தை நீக்கிவிடுங்கள். சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளும் எல்லாச் சுவைகளையும் உணரும்.

வீட்டாரின் இரத்தப் பிரிவைக் கேட்டுவரச் சொல்வது

மரபியல் பாடத்துக்கு இது வேண்டவே வேண்டாம். தத்தெடுப்பு போன்ற, மாணவருக்கே தெரியாத குடும்பச் செய்திகள் வகுப்பறையில் வெளிப்பட்டுவிடும். கற்பனைக் குடும்பம் ஒன்றின் இரத்தப் பிரிவுகளை நீங்களே எழுதிக்கொடுங்கள்.