கன்னிமாரா தேக்கைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தில் இருக்கிற இந்தத் தேக்குக்கு வயது 450 ஆண்டுக்கும் மேல் என்கிறார்கள். அடிமரத்தின் சுற்றளவே ஆறரை மீட்டருக்குக் குறையாது. 1994-95இல் பெரிய மரங்களுக்கான மத்திய அரசின் மகாவிருட்ச புரஸ்கார் விருது வாங்கிய மரம்.

இடம் கேரளாவுக்குச் சொந்தம், ஆனால் சாலை பொள்ளாச்சி பக்கமிருந்துதான்: சேத்துமடை, டாப்சிலிப், அதைத் தாண்டினால் ஆனப்பாடி. இரண்டு மாநில வனத்துறைக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். யானை நடமாடும் காடு, பைக்கில் போகும் யோசனை வேண்டாம். ஆனப்பாடியிலிருந்து வனத்துறை வண்டியிலேயே கூட்டிப்போவார்கள்; விடுமுறை நாளென்றால் முன்பதிவு செய்துவிட்டுக் காலையிலேயே போய்விடுங்கள்.

வண்டியில் போகும்போது இருபுறமும் தேக்காகத்தான் தெரியும். அதில் நிறைய, இயற்கைக் காட்டை வெட்டிவிட்டு வரிசையாக நட்டவை. கன்னிமாரா அப்படியல்ல, தானாக முளைத்து, அத்தனை கோடாலிகளுக்கும் தப்பி நிற்பது. வெட்டப் போனபோது ரத்தம் பீறிட்டதாகவும் அதனால் விட்டுவிட்டதாகவும் அங்குள்ள பழங்குடி மக்கள் சொல்கிறார்கள், கும்பிடவும் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு போவதுதான் முக்கியம், இல்லாவிட்டால் செல்ஃபி எடுத்துவிட்டு வண்டி ஏறும் கூட்டத்தோடு நீங்களும் ஏறிவிடுவீர்கள்.

இறங்கியதும் நேராக மரத்தடிக்கு ஓடாதீர்கள். முதலில் தள்ளி நின்று முழு உருவத்தையும் பாருங்கள். அப்புறம் கிட்டே போய் அடிமரத்தின் மடிப்புகளைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து மெதுவாக அண்ணாந்து பாருங்கள். போட்டோவில் ஒரு ஆள் பக்கத்தில் நிற்கட்டும், அப்போதுதான் அளவு புரியும். உயரம் ஒரே படத்தில் அடங்காது, போனில் பனோரமாவை வைத்துக் கீழிருந்து மேலாக எடுங்கள். தேக்கு கோடையில் இலை உதிர்க்கும், கிளை அமைப்பு தெளிவாகத் தெரிய அதுவே நல்ல நேரம். பச்சையாகப் பார்க்க மழைக்குப் பிறகு போங்கள்.

வேரை மிதிக்காதீர்கள், மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது. பட்டையில் பெயர் கீறுகிறவர்களைக் கண்டால் தயங்காமல் சத்தம் போடுங்கள். பிளாஸ்டிக் எதுவும் கொண்டுபோக வேண்டாம்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால், வெட்டித் தீர்த்த காட்டில் தேக்கை மறுபடி வளர்த்தெடுத்த பிரிட்டிஷ் கால வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை டாப்சிலிப் அருகில் இருக்கிறது. 1933இல் இறந்தவர். அங்கே நடந்து போகலாமா என்று வனக்காவலரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.