ஏற்காட்டுக் கல்லறையிலிருந்து தொடங்கி, கலைஞர்கள் பிறந்த ஓர் ஆங்கில நிலக்கிழார் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடும் முறை

சேலம் மாவட்டத்தின் பழைய ஆவணங்களைப் புரட்டுபவர் எவரும், சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களின் பத்திரங்களிலும் ஏற்காடு ஹோலி டிரினிட்டி ஆலயத்தின் கல்வெட்டுகளிலும் ஆங்கிலப் பெயர்களைத் தொடர்ந்து சந்திக்கிறார். அந்தப் பெயர்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது இங்கிலாந்தில் எந்த ஊர்க் குடும்பம், அக்குடும்பத்தில் ஓவியரோ கவிஞரோ சிற்பியோ இருந்தனரா என்று தேட விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்தேடலின் பெரும்பகுதியைச் சேலத்தில் இருந்தபடியே செய்துவிட முடியும்.

முதலில் அந்த நிலக்கிழார் வகுப்பின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். இவர்கள் பிரபுக்கள் அல்லர். ஆனால் தலைமுறைகளாக ஒரு ஊரில் நிலமும் மாளிகையும் குடும்பச் சின்னமும் உடையவர்கள். நம் ஊரில் நடப்பதுபோல் மகன்களுக்குள் பாகப்பிரிவினை நடக்கவில்லை. மூத்த மகனுக்கே நிலம் சேர்வது அன்று அங்கு வழக்கமாக இருந்தது. இளைய மகன்கள் திருச்சபைக்கோ, வழக்கறிஞர் தொழிலுக்கோ, ராணுவத்துக்கோ, கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ போனார்கள். நம் மலைக்கும் நம் கலெக்டர் கச்சேரிகளுக்கும் வந்தவர்களில் இத்தகைய இளைய மகன்கள் பலர். கலைத்திறமையும் பெரும்பாலும் இவர்களிடமும் மகள்களிடமும்தான் வெளிப்பட்டது. அச்சிட்ட வம்சாவளிகளோ மூத்த ஆண்வழியை மட்டும் பெருமையாக விவரித்துவிட்டு மற்றவர்களை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஆகவே, குடும்பப் பெயரைத் தொடராமல், தாயையும் சொத்தையும் தொடர வேண்டும் என்பதையே இந்த வழிகாட்டியின் அடிப்படையாகக் கொள்கிறேன்.

தேடலை இங்கிருந்தே தொடங்குங்கள். ஆலயத்தின் ஆயரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் கல்லறைகளைப் படம் எடுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பதோ அமிலம் ஊற்றுவதோ கல்லை அழிக்கும் செயல். கல்வெட்டின் ஒவ்வொரு சொல்லையும், பிழையோடு இருந்தால் பிழையோடும், அப்படியே படியெடுங்கள். ஒருவர் தமது 45-ஆவது ஆண்டில் இறந்ததாகக் கல்லில் இருந்தால், அவருக்கு 44 வயதே நிறைந்திருந்தது என்று பொருள். இந்த ஓராண்டு வேறுபாட்டால் பிறப்புப் பதிவைத் தவறவிடுபவர்கள் பலர். சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளை ஜே. ஜே. காட்டன் என்ற அதிகாரி தொகுத்து 1905-இல் வெளியிட்ட நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்று சிதைந்துவிட்ட கற்களுக்கு அதுவே சான்று. அதனுடன், லெ ஃபானு எழுதிய 1883-ஆம் ஆண்டின் சேலம் மாவட்டக் கையேட்டையும், ரிச்சர்ட்ஸ் தொகுத்த 1918-ஆம் ஆண்டின் கெஜட்டியரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் வெவ்வேறு பெயர்கள் இருந்தாலும் குடும்பம் ஒன்றாக இருக்கலாம். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச் சின்னம் ஏற்காட்டு ஆலயத்தில் உள்ளது. ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் 1882-இல் ஏற்காட்டில் காலமானார். இவ்விருவரையும் தனித்தனியே அறிந்த தமிழர்கள் ஏராளம்; ஃபூட் மணந்தது பெர்சிவலின் மகளை என்பதை அறிந்தவர்கள் குறைவு. பெயர்களை மட்டும் வரிசைப்படுத்தினால் இந்த உறவு ஒருபோதும் புலப்படாது. ஒவ்வொரு திருமணத்துக்கும் மணமகளின் பிறந்த வீட்டுப் பெயரைக் குறித்தால்தான் புலப்படும்.

இங்கு நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் சென்னை வழியாக லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பதிவுகளில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. கட்டணம் செலுத்திப் பார்க்கும் வம்சாவளித் தளம் ஒன்றில் அவற்றின் படங்களும் உள்ளன. இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் இலவசத் தேடுபொறியை அதற்கு முன் பார்த்துவிடுவது நல்லது. ஒருவர் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதை அறிய, சென்னையில் ஆண்டுதோறும் வெளிவந்த அசைலம் பிரஸ் பஞ்சாங்கத்தின் குடியிருப்போர் பட்டியல் உதவும். வருவாய்த்துறைக் கடிதங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியலில் சென்னை.

கலெக்டர் கச்சேரியில் இருந்தவர்கள் அனைவரும் ஆங்கிலேயர் அல்லர் என்பதையும் மறக்கக் கூடாது. 1820-களில் கலெக்டராக இருந்து இம்மலையில் காப்பியைப் பரப்பிய காக்பர்னின் பெயர் ஸ்காட்லாந்துக்கு உரியது. லெ ஃபானு என்பது பிரான்சிலிருந்து அயர்லாந்து சென்ற புராட்டஸ்டன்ட் மரபினரின் பெயர். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1855-இல்தான் தொடங்கியது; அயர்லாந்தின் ஆவணங்களில் பெரும்பகுதி 1922-இல் டப்ளினில் எரிந்துபோனது. தேடும் பெயர் இவ்விரு நாடுகளுக்கு உரியதானால் வழி வேறு.

இங்கிருந்து இங்கிலாந்துக்குச் செல்லும் பாலமாக அமைவது வேலைக்கான விண்ணப்பம். கம்பெனியின் படையில் சேர வந்த இளைஞர்களும், எழுத்தர் என்ற நிர்வாகப் பதவிக்கு வந்தவர்களும் தங்கள் ஞானஸ்நானச் சான்றின் படியைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு தாளில் பிறந்த ஊரும் தந்தை பெயரும் தாயின் பெயரும் கிடைத்துவிடும். அதிகாரியோ படைவீரரோ அல்லாத தோட்டக்காரரானால் இந்த வசதி கிடைக்காது. அப்போது அவர் பிள்ளைகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடுங்கள். மலைத் தோட்டத்தில் பிறந்த குழந்தைகள் படிப்புக்காக அனுப்பப்பட்டு, இங்கிலாந்தில் அத்தை வீட்டிலோ பாட்டி வீட்டிலோ தங்கியிருப்பார்கள். பிறந்த இடம் கிழக்கிந்தியா அல்லது மெட்ராஸ் என்றும், வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்றும் அங்கே எழுதியிருக்கும்.

இங்கிலாந்தின் அடிப்படை ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 முதல் உள்ளது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் குழந்தையின் பெயரோடு தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருப்பதால், நம் முறைக்கு அது மிகவும் ஏற்றது. அதற்கு முந்தைய காலத்துக்கு, 1538 முதல் வைக்கப்பட்ட ஆலயப் பதிவேடுகளே கதி. 1841-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். 1851 முதல் பிறந்த ஊரும் உறவுமுறையும் கிடைக்கின்றன. 1752-க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது என்பதால், பதிவேட்டில் 1719 பிப்ரவரி என்று இருப்பது நம் கணக்கில் 1720 பிப்ரவரி ஆகும். இதை அறியாதவர், தந்தை இறந்து ஓராண்டுக்குப் பின் பிள்ளை பிறந்ததாக எழுதிவிடக்கூடும்.

அச்சிட்ட வம்சாவளி நூல்களில் பர்க் தொகுத்த நிலக்கிழார் வரலாறு மிகவும் புகழ்பெற்றது; 1830-களில் வெளிவரத் தொடங்கியது. அதைத் திறந்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கத் தோன்றும். ஆனால் அதன் செய்திகளில் பெரும்பகுதி அந்தந்தக் குடும்பத்தார் தந்தவை. 1066-இல் இங்கிலாந்தின் மீது நடந்த நார்மானியப் படையெடுப்போடு வந்த முன்னோர் என்ற கதைகளை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஃப்ரீமன் என்ற வரலாற்றாசிரியர் கடுமையாக மறுத்தார். குடும்பச் சின்னங்களைச் சரிபார்க்கும் அரச அதிகாரிகள் 1530 முதல் 1680-கள் வரை மாவட்டந்தோறும் சென்று பதிவுசெய்த வம்சாவளிகள் அதைவிடப் பழையவை. அவற்றிலும் குடும்பத்தார் நினைவிலிருந்து சொன்னவை உண்டு. இந்நூல்களைத் திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு ஆவணங்களைக் கேளுங்கள்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். டெவன் மாவட்டத்தின் ஹால்ஸ்டன் என்ற பண்ணை மாளிகையைச் சேர்ந்த ஃபர்ஸ் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சார்லஸ் வெலிங்டன் ஃபர்ஸ், 1868 முதல் 1904 வரை வாழ்ந்த சிறந்த உருவப்பட ஓவியர். அவருடைய சகோதரர் ஜான் ஹென்றி மான்செல் ஃபர்ஸ் சிற்பி. இவர்கள் 18-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஓவியர் சர் ஜோஷுவா ரெனால்ட்ஸின் வழிவந்தவர்கள் என்ற பேச்சு உண்டு. ரெனால்ட்ஸோ திருமணமே செய்துகொள்ளாதவர். நேர் வாரிசு எவரும் இல்லை. அப்படியானால் அந்தப் பேச்சு பொய்யா? பொய் அல்ல. ரெனால்ட்ஸின் சகோதரி எலிசபெத், டாரிங்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் ஜான்சனை மணந்தார். உறவு அந்த ஜான்சன் வழியாக வருகிறது. ஓவியரின் தந்தை பிறக்கும்போது ஜான்சன்தான். தாயின் குடும்பமான ஃபர்ஸின் பெயரைப் பின்னர் ஏற்றுக்கொண்டார். அவருடைய உடன்பிறந்தவரோ, ஈட்டன் பள்ளி ஆசிரியராகவும் கவிஞராகவும் இருந்து, 1872-இல் கோரி என்று பெயரை மாற்றிக்கொண்டார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர், பிறந்தபோது ஒரு பெயர், இறந்தபோது இரண்டு வேறு பெயர்கள். ஃபர்ஸ் என்ற பெயரை மட்டும் பின்னோக்கித் தொடர்ந்தால் ரெனால்ட்ஸின் அருகில்கூடப் போக முடியாது.

இதே ஓவியர் 1900-இல் மணந்த கேதரீனின் தாய், ரௌகாம் ஊர் நார்த் குடும்பத்துப் பெண். அந்தத் தாயின் அக்காள்தான் மரியான் நார்த். 1870-களின் இறுதியில் நம் மதுரை, தஞ்சாவூர் வரை வந்து வரைந்தவர். 800-க்கும் மேற்பட்ட அவர் ஓவியங்கள் கியூ தாவரத் தோட்டத்தில் 1882-இல் திறக்கப்பட்ட தனி மாளிகையில் இருக்கின்றன. மரியானின் தாய் முதலில் லங்காஷயரின் காதார்ப் மாளிகை ஷட்டில்வொர்த்தின் மனைவியாக இருந்து விதவையானவர். அந்த முதல் திருமணத்தின் மகளை 1842-இல் மணந்த ஜேம்ஸ் கே, மனைவியின் பெயரையும் சேர்த்துக்கொண்டு கே-ஷட்டில்வொர்த் ஆனார். தையற்கலைக்கும் துணித்தொகுப்புக்கும் பெயர்பெற்ற ரேச்சல் கே-ஷட்டில்வொர்த் அவருடைய பேத்தி. பரம்பரைச் சொத்துக்கு ஆண் வாரிசு இல்லாதபோது மருமகனோ பேரனோ அந்தப் பெயரை ஏற்பது அங்கே பெருவழக்காக இருந்தது. அரச அனுமதியோடு நடந்த பெயர் மாற்றங்கள் லண்டன் கெஜட்டில் வெளியாகின. 1760 முதல் 1901 வரையிலான பெயர் மாற்றங்களின் அட்டவணை ஒன்றும் அச்சில் உள்ளது. ஒரு வழி திடீரென்று மறைந்துவிட்டால், அது அற்றுப்போனதாக முடிவு செய்வதற்கு முன் இந்த அட்டவணையைப் பாருங்கள்.

கலைஞரை அடையாளம் காண்பதில் தனி நுணுக்கங்கள் உண்டு. லண்டனின் ராயல் அகாடமி என்ற கலைக்கழகத்தில் 1769 முதல் 1904 வரை படைப்புகளைக் காட்சிக்கு வைத்தவர்களின் பட்டியலை அல்கர்னன் கிரேவ்ஸ் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். அதில் கலைஞரின் முகவரி இருக்கும். அதைக் கணக்கெடுப்பின் முகவரியோடு பொருத்தினால் ஒரே பெயருடைய இருவரைப் பிரித்துவிடலாம். நிலக்கிழார் குடும்பத்தவர் விற்பனைக்காக வரைவதில்லை என்ற கௌரவத்தால் தொழில்முறை சாராத கலைஞராகப் பதிவாகியிருப்பார்கள். கணக்கெடுப்பின் தொழில் கட்டத்தில் ஓவியர் என்று தேடினால் அவர்கள் அகப்படமாட்டார்கள். பெண்கள் முதலெழுத்துகளை மட்டும் இட்டுக் கையொப்பமிட்டதும் உண்டு. 1860-இல் லாரா ஹெர்ஃபோர்டு ராயல் அகாடமிப் பள்ளியில் இடம் பெற்றதே அப்படித்தான். ஆகவே எல். ஹெர்ஃபோர்டு போன்ற பெயரைக் கண்டவுடன் ஆண் என்று கொள்ள வேண்டாம். மறுபுறம், ஒரு படைத்தலைவர் நம் மலையை நீர்வண்ணத்தில் வரைந்தார் என்பதால் அவர் குடும்பமே கலைக்குடும்பம் ஆகிவிடாது. கம்பெனியின் அடிஸ்கோம்ப் படைப்பள்ளியில் வரைதல் ஒரு பாடம். நில அமைப்பைப் பார்த்து வரைவது அதிகாரியின் கடமைகளில் ஒன்று.

எல்லா ஆவணங்களிலும் எனக்கு மிகவும் மதிப்புக்குரியவை உயில்கள். 1858-க்கு முன் தென் இங்கிலாந்தின் வசதியான குடும்பங்களின் உயில்கள் கேன்டர்பரி நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டன. அவற்றைப் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடலாம். மூத்த மகனுக்கு நிலம் தானாகச் சேர்ந்துவிட்டதால், உயிலில் பேசப்படுவது பெரும்பாலும் மற்றவர்களைப் பற்றித்தான்: திருமணமான மகள்கள், அவர்களுடைய கணவர் பெயர்கள், சகோதரியின் பிள்ளைகள், யாருக்கு எந்தப் படம், யாருக்கு எந்தப் பியானோ. இந்தியாவில் இறந்தவர்களின் உடைமைப் பட்டியல்களும் லண்டனில் உள்ளன. வண்ணப்பெட்டியும் சட்டமிட்ட படங்களும் ஏலம் போன விவரங்கள் அவற்றில் கிடைக்கலாம்.

இந்த உயில்களில்தான், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எழுதிவைத்த தொகைகளும் தென்படுகின்றன. ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தையின் பெயர் முழுமையாக இருக்க, தாய் சுதேசிப் பெண் என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார். சில பதிவுகளில் அதுவும் இல்லை. அவர்களில் நம் ஊர்த் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். குடும்ப மரத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பிள்ளையைத் தந்தையோடு மட்டும் இணைக்காதீர்கள். பெயர் கிடைக்காவிட்டாலும் தாய்க்கு ஒரு கட்டம் வரைந்து, எந்தப் பதிவு, எந்த ஆண்டு, என்ன சொல்லால் குறிக்கப்பட்டார் என்று எழுதுங்கள். ஓய்வூதியம் பற்றிய கடிதத்திலோ உயிலின் இணைப்பிலோ அவர் பெயர் பின்னர் வெளிப்படக்கூடும். இங்கிலாந்தில் இருக்கும் ஆய்வாளரைவிட, கந்தம்மாள் என்பதை ஆங்கில எழுத்துச் சிதைவுக்குள் கண்டுபிடிக்கத் தகுதியானவர்கள் நாம்தான்.

எழுதிவைக்கும்போது ஒவ்வொரு நபருக்கும் ஓர் எண் கொடுத்து, பிறந்தபோதைய பெயரையே முதன்மையாகவும் மாறிய பெயர்களை ஆண்டோடு அதன்கீழும் குறியுங்கள். உறுதியான உறவைக் கோடாகவும், ஊகித்ததைப் புள்ளிக்கோடாகவும் வரைந்தால், பின்னால் வருபவர் எங்கே தோண்ட வேண்டும் என்பதை உடனே அறிவார். முடித்தவுடன் ஒரு படியை ஏற்காட்டு ஆலயத்துக்கும், இன்னொன்றைச் சேலத்தில் ஏதேனும் ஒரு கல்லூரி வரலாற்றுத் துறைக்கும் கொடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்தநாள், முகவரி ஆகியவற்றை அந்தப் படிகளிலிருந்து நீக்கிவிட வேண்டும்.