புயலுக்கு முன்பே குடிநீர் சேர்த்து வைப்பது எப்படி?

சென்னையில் பெரிய மழை பிடித்தால் குடிநீர் வரும் எல்லா வழியும் ஒரே நாளில் அடைபட்டுவிடும். கரண்ட் போனதும் மோட்டார் ஓடாது, ஆர்ஓ மெஷினும் நின்றுவிடும். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் கேன் போடுகிறவர் வண்டி எடுக்க முடியாது. தரைக்குக் கீழே இருக்கும் சம்பில் மழைநீரோடு சாக்கடையும் கலந்துவிடும். 2015 டிசம்பரில் அடையாற்றை ஒட்டிய பகுதிகளிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமும் இதைப் பார்த்தோம். வீட்டுக்குள் வெள்ளம் வராத மாடி வீட்டுக்காரர்கள்கூட படகில் வரும் தண்ணீர் பாட்டிலுக்காகக் காத்திருந்தார்கள்.

அதனால் அக்டோபர் பிறந்ததும், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் கணக்கு

குடிக்க, சமைக்க, பல் துலக்க எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். குறைந்தது மூன்று நாளுக்கு வேண்டும். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் இரண்டு, 2 லிட்டர் பாட்டில் நான்கு. கைக்குழந்தையோ, பாலூட்டும் தாயோ, உடம்பு முடியாதவரோ இருந்தால் இன்னொரு கேன் கூடுதலாக இருக்கட்டும். இடம் இருக்கிற வீட்டில் ஒரு வாரத்துக்கே வைத்துக்கொள்ளலாம்.

கழுவவும் கழிவறைக்கும் வேண்டிய தண்ணீர் தனி. புயல் எச்சரிக்கை வந்ததும், கரண்ட் இருக்கும்போதே மேல்தொட்டி, பக்கெட், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள்.

எதில் பிடித்து வைப்பது?

சீல் உடைக்காத கேன் வாங்கி வைப்பதுதான் சுலபம். ஐஎஸ்ஐ முத்திரையும் அதோடு ஐஎஸ் 14543 என்ற எண்ணும் இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையே என்று பார்த்து வாங்குங்கள். தேவைப்படும் நாள்வரை சீலை உடைக்க வேண்டாம்.

நீங்களே நிரப்புவதாக இருந்தால் வாய் குறுகலான, இறுக மூடுகிற, முடிந்தால் கீழே குழாய் வைத்த பாத்திரமாகத் தேர்ந்தெடுங்கள். இதில் கண்டிப்பாக இருங்கள். நல்ல தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு கெடுவது பெரும்பாலும் நம் கையால்தான். அகன்ற வாய்க் குடத்தில் டம்ளரை விட்டு மொள்ளும்போது விரல் நுனி தண்ணீரில் படும், அந்த விரலில் இருப்பதெல்லாம் உள்ளே போகும். குடம்தான் இருக்கிறது என்றால் நீளக் காம்பு வைத்த கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள்.

பெயின்ட், பினாயில், பூச்சிமருந்து வந்த டிரம் வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் அது பிளாஸ்டிக்கில் ஊறியே இருக்கும்.

கழுவி நிரப்புவது

சோப்புப் போட்டுத் தேய்த்து அலசுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வாசனையில்லாத ப்ளீச் திரவம் கலந்து, உட்பக்கம் முழுக்கப் படுகிற மாதிரி குலுக்குங்கள். அரை நிமிடம் கழித்துக் கொட்டிவிட்டு, காற்றாட உலர விடுங்கள். நிரப்பிய தேதியை மூடியில் எழுதி வையுங்கள். வீட்டில் நிரப்பிய தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றிவிடலாம், பழையதைச் சமையலுக்கோ செடிக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடியை இறுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, இப்படிச் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

வெயில் படாத, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். தரைத்தள வீடு என்றால் மேசை மேலோ பரணிலோதான்.

சேர்த்தது தீர்ந்துவிட்டால்

கிடைக்கிற தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளிய விடுங்கள். படிகாரமோ தேத்தான்கொட்டையோ தெளிவுக்கு நன்றாக உதவும். பிறகு சுத்தமான பழைய பருத்திச் சேலையை நான்கைந்தாக மடித்து வடிகட்டுங்கள். வங்கதேச கிராமங்களில் இப்படி மடித்த சேலையால் வடிகட்டியபோது காலரா பாதியளவு குறைந்ததாக 2003இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. ஆனாலும் இது முன்வேலைதான். பளிங்குபோலத் தெரியும் தண்ணீரிலும் கிருமி இருக்கும்.

அடுத்தது கொதிக்க வைப்பது. இதைவிட நம்பகமான வழி வீட்டில் இல்லை. ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கிவிடக் கூடாது. நடுவிலும் தளதளவென்று கொதித்தபடி ஒரு நிமிடம் இருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும், அங்கே மூன்று நிமிடம். மூடி போட்டே ஆற விடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் மழைக்காலத்துக்காவது ஒரு கேஸ் அடுப்பு இருக்கட்டும்.

கேஸும் இல்லையென்றால் குளோரின். மருந்துக்கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரையே நல்லது. ஆனால் ஒரே மாதிரி தெரியும் மாத்திரைகளில் சில ஒரு லிட்டருக்கானவை, சில 20 லிட்டருக்கானவை, அட்டையைப் படிக்காமல் போடாதீர்கள். மாத்திரை கிடைக்காவிட்டால், 5 அல்லது 6 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் மட்டுமே உள்ள ப்ளீச் திரவத்தை ஒரு லிட்டருக்கு இரண்டு சொட்டு விடலாம். 20 லிட்டர் கேனுக்கு 40 சொட்டு, கிட்டத்தட்ட 2 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்தால் எண்ணிக்கை தவறாது. வடிகட்டியும் கலங்கல் போகவில்லை என்றால் இரட்டிப்பாக்குங்கள். கலக்கி அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு முகர்ந்து பாருங்கள். லேசாகக் குளோரின் வாசம் வர வேண்டும். வரவில்லையென்றால் அதே அளவு இன்னொரு முறை விட்டு, மேலும் கால் மணி நேரம் பொறுங்கள். வாசம் பிடிக்காதவர்கள் காபி ஆற்றுவதுபோல இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஊற்றினால் குறைந்துவிடும்.

வாசனைத் திரவியமோ சோப்போ கலந்த ப்ளீச் இதற்கு ஆகாது. கழிவறை கழுவும் ஆசிட்டை ப்ளீச் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

எண்ணெய் மிதக்கிற, பெட்ரோல் வாடை அடிக்கிற தண்ணீரை எப்படியும் குடிநீராக்க முடியாது. மிக்ஜாமின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயே வீடுகளுக்குள் வந்தது. கொதியும் குளோரினும் கிருமியைத்தான் கொல்லும், ரசாயனத்தை ஒன்றும் செய்யாது.

வெள்ளம் புகுந்த சம்ப்

தண்ணீர் வடிந்ததும் சம்பிலிருந்து நேராக மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றாதீர்கள். முழுக்க இறைத்துக் கொட்டுங்கள். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள், அதற்கு முன் யாரையும் உள்ளே இறக்காதீர்கள், இறங்குகிறவருக்கு மேலே ஒரு ஆள் துணை நிற்க வேண்டும். சேற்றை வாரி, சுவரைப் ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவி, அதையும் இறைத்துவிடுங்கள். புதுத் தண்ணீர் நிரப்பியதும் 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் ப்ளீச்சிங் பவுடரை பக்கெட் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்ததை மட்டும் சம்பில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். ஆனால் தெருக்குழாயில் வரும் தண்ணீர் தெளிந்து, வாடை இல்லாமல் வரும்வரை குடிப்பதற்குக் கொதிக்க வைத்ததுதான்.