நீரோடும் நானோகுழாய்: பை (π) வந்தால் மட்டும் போதாது

காலாப்பட்டிலோ கடலூரிலோ எம்.டெக். புராஜெக்டுக்கு, நீரோடும் கார்பன் நானோகுழாய் எந்த வேகத்தில் நிலை குலையும் என்ற கணக்கை எடுப்பவர்களுக்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை; மடிக்கணினியில் ஆக்டேவ் என்ற இலவசக் கணக்கீட்டு மென்பொருள் இருந்தால் போதும்.

குழாயை ஆய்லர்-பெர்னோலி உத்தரமாக (வளைவை மட்டும் கணக்கில் கொள்ளும் மெல்லிய உத்தரம்) எடுங்கள். சமன்பாட்டில் நான்கே உறுப்புகள்: வளைவு விறைப்பு, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் மையவிலக்கு விசை, வேகத்தோடு ஏறும் கொரியாலிஸ் விசை, நிலைமம்.

மாதிரிக்கு: உள் ஆரம் 10, வெளி ஆரம் 20 நானோமீட்டர், நீளம் 2 மைக்ரோமீட்டர், யங் குணகம் 1 டெராபாஸ்கல், அடர்த்தி சுவருக்கு 2300, நீருக்கு 1000 கிலோ/கன மீட்டர். வளைவு விறைப்பு 1.18 × 10⁻¹⁹ நியூட்டன்·ச.மீ. நீரின் நிறை மொத்த நிறையில் 0.127 பங்கு. ஒற்றைச் சுவர்க் குழாய் என்றால் 0.34 நானோமீட்டர் தடிமனோடு 1 டெராபாஸ்கல், அல்லது 0.066-ஓடு 5.5. ஒன்றின் தடிமனையும் மற்றதன் குணகத்தையும் கலந்தால் விறைப்பு ஐந்து மடங்குக்கு மேல் பிசகும்.

நீரின் நிறையை (மீட்டருக்கு) வளைவு விறைப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, வேகத்தாலும் நீளத்தாலும் பெருக்கினால் அலகற்ற வேகம். இருமுனையும் கீலில் நிற்கும் குழாய்க்கு சைன் மோடுகள் (அதிர்வு வடிவங்கள்), கலெர்கின் முறை (தீர்வை அந்த மோடுகளின் கூட்டலாக எழுதுவது). மோடு எண்ணைப் பையால் பெருக்குங்கள். அதன் நான்காம் அடுக்கிலிருந்து, அதன் வர்க்கம் × வேக வர்க்கத்தைக் கழித்தால் விறைப்பு அணியின் மூலைவிட்டம். கொரியாலிஸ் அணிக்கு: நிரை எண் × நிரல் எண் × 4, வகுத்தல் அவற்றின் வர்க்க வித்தியாசம் (நிரையின் வர்க்கத்திலிருந்து நிரலின் வர்க்கத்தைக் கழித்து), அதை 2 × வேகம் × நிறைப் பங்கின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். இரு எண்களின் கூட்டல் இரட்டைப்படையானால் 0. பிறகு எல்லாவற்றையும் முதல்படிச் சமன்பாடுகளின் அணியாக மாற்றி ஐகன் மதிப்பு எடுங்கள். கற்பனைப் பகுதி அதிர்வெண். மெய்ப் பகுதி 0-வைத் தாண்டினால் நிலை குலைந்தது.

நீர் நிற்கையில் முதல் அதிர்வெண் 85.6 மெகாஹெர்ட்ஸ். அலகற்ற வேகம் பை ஆகும்போது, அதாவது 962 மீ/வினாடியில், அது 0 ஆகிக் குழாய் வளைந்துவிடும். அவ்வளவு வேகத்தில் நீரை யார் தள்ளுவது? நீளத்தை 10 மைக்ரோமீட்டராக்கினால் 192-க்கு இறங்கும்.

பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். பை வந்ததும் கணினி நிரல் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வரம்பில் கொரியாலிஸுக்குப் பங்கே இல்லை. அந்த அணி முழுக்கத் தப்பாக இருந்தாலும் பை வரும். ஆகவே அலகற்ற வேகம் 2-இல், இரண்டே மோடுகளோடு, முதல் அலகற்ற அதிர்வெண்ணைப் பாருங்கள். 7.57 வந்தால் சரி. 7.61 என்றால் கொரியாலிஸ் சேரவேயில்லை. 7.65 என்றால் எதிர்சமச்சீராக இருக்க வேண்டியது சமச்சீராகிவிட்டது.

பையைத் தாண்டி இன்னும் வேகம் ஏற்றினால் படபடப்பு (flutter, தானே வளரும் அதிர்வு) தெரியும். அதை முடிவாக எழுதாதீர்கள். நேரியல் சமன்பாடு அதற்கு முன்பே செல்லாததாகிவிட்டது. இருமுனையும் பிடித்த குழாய் படபடக்காது என்று ஹோம்ஸ் 1978-லேயே காட்டிவிட்டார்.

கேன்டிலீவர் (ஒரு முனை மட்டும் பிடித்த குழாய்) வேறு கதை. போர் மோட்டார் போட்டதும் வயலில் ஹோஸின் பிடிக்காத நுனி பாம்பாய் நெளியுமே, அதுதான். 10 மோடுகளில் தொடங்கி, விடை அசையாமல் நிற்கும்வரை கூட்டுங்கள். நிறைப் பங்கு 0.2 என்றால் படபடப்பு சுமார் 5.6-இல் வர வேண்டும். மிகக் குறைந்த வேகத்திலேயே மெய்ப் பகுதி நேர்மமானால் கொரியாலிஸின் குறி தலைகீழ்: குறைந்த வேகத்தில் ஓட்டம் அதிர்வை அடக்கத்தான் வேண்டும்.

எரிங்கனின் இடஞ்சாராக் கோட்பாட்டை (ஓரிடத்தின் தகைவு சுற்றியுள்ள இடங்களின் திரிபையும் பொறுத்தது என்பது) சேர்ப்பதானால் நீரின் விசைகளையும் அதன் செயலி (operator) வழியே அனுப்புங்கள். கேன்டிலீவருக்கு அதன் வகைக்கெழு வடிவம் முரணான விடை தரும், தவிர்த்துவிடுங்கள். உள் விட்டம் 1 நானோமீட்டருக்குக் கீழே போனால் நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் நகரும். அங்கே 1000 என்ற அடர்த்திக்கே பொருளில்லை, மூலக்கூறு இயக்கவியல்தான் வழி.