ஆக்டிவ் டைரக்டரியில் ஓயூ அழிந்துவிட்டதா? பதறாமல் மீட்கும் வழி

தஞ்சாவூரில் தலைமை அலுவலகம், மன்னார்குடியிலும் திருவாரூரிலும் கிளைகள் என்று ஓடும் ஒரு அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். குறுவை அறுவடை நேரம், நெல் லாரிகள் எடை மேடையில் வரிசை கட்டி நிற்கின்றன. பயனர், கணினிக் கணக்குகளை எல்லாம் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் பழைய கணினிக் கணக்கு ஒன்றை நீக்கப் போனவர் மன்னார்குடிக் கிளையின் ஓயூவையே, அதாவது அங்குள்ள பயனர்கள், கணினிகள், குழுக்கள் எல்லாம் அடங்கிய பிரிவையே, நீக்கிவிட்டார். யாராலும் லாகின் செய்ய முடியவில்லை, கணினிகள் டிரஸ்ட் ரிலேஷன்ஷிப் (சர்வருடனான நம்பிக்கைத் தொடர்பு) இல்லை என்கின்றன.

முதலில், அதே பெயர்களில் புதுக் கணக்கு உருவாக்காதீர்கள். எத்தனையோ இடங்களில் இதைத்தான் முதல் வேலையாகச் செய்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். விண்டோஸ் ஒருவரை அடையாளம் காண்பது பெயரை வைத்து அல்ல, எஸ்ஐடி என்ற எண்ணை வைத்து. புதுக் கணக்குக்குப் புது எஸ்ஐடி வரும், பழைய ஃபோல்டர் அனுமதி எதுவும் அதற்குச் செல்லாது. கணினிகளை டொமைனிலிருந்து, அதாவது நிறுவனத்தின் பொது நிர்வாக வலையமைப்பிலிருந்து, எடுத்து மறுபடி சேர்க்கவும் வேண்டாம்.

அடுத்து, டொமைன் கன்ட்ரோலரில் (ஆக்டிவ் டைரக்டரி இயங்கும் சர்வரில்) ஆக்டிவ் டைரக்டரி அட்மினிஸ்ட்ரேட்டிவ் சென்டரைத் திறந்து இடப்பக்கம் உங்கள் டொமைனைத் தேர்வு செய்யுங்கள். வலப்பக்கம் 'எனேபிள் ரீசைக்கிள் பின்' (நீக்கியவற்றை மீட்க உதவும் வசதியை இயக்கும் பொத்தான்) மங்கலாக இருந்தால் நிம்மதி, அது ஏற்கெனவே இயங்குகிறது. மங்கலாக இல்லை என்றால் அவசரத்தில் அதை அழுத்திவிடாதீர்கள்! இப்போது இயக்கினால் ஏற்கெனவே நீக்கப்பட்டவை அதன் வழியாகத் திரும்பாது, அவற்றில் மிச்சமிருக்கும் விவரங்களும் போய்விடும்.

சரி, இயங்குகிறது என்றால் 'டெலீட்டட் ஆப்ஜெக்ட்ஸ்' உள்ளே போங்கள். மாற்றாமல் விட்டிருந்தால் நீக்கியவை 180 நாள் அங்கே இருக்கும். முதலில் ஓயூவை மட்டும் தேர்வு செய்து 'ரீஸ்டோர்' கொடுங்கள், ஏனென்றால் தாய்ப் பிரிவு இல்லாமல் உள்ளே இருந்தவை தங்கள் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. உள் ஓயூக்கள் இருந்தால் மேலிருந்து கீழாக அவற்றையும் மீட்டு, அப்புறம் முன்பு எந்தப் பிரிவில் இருந்தது என்று காட்டும் 'லாஸ்ட் நோன் பேரன்ட்' பத்தியைப் பார்த்து அந்தந்தப் பிரிவின் குழு, பயனர், கணினி எல்லாவற்றையும் மீட்டெடுங்கள். பாஸ்வேர்டு, குழு உறுப்பினர் விவரம், எஸ்ஐடி மூன்றும் பழையபடியே திரும்பும்.

ரீசைக்கிள் பின் இயங்கவில்லையா? அப்போது திருவாரூர் கிளையில் உள்ள இன்னொரு டொமைன் கன்ட்ரோலரை நினையுங்கள். ஒரே சைட்டுக்குள் (ஒரே இடத்தின் நெட்வொர்க்குக்குள்) மாற்றம் நொடிகளில் பரவும், ஆனால் சைட்டுக்கும் சைட்டுக்கும் இடையே வழக்கமான இடைவெளி 180 நிமிடம். அங்கே அந்த ஓயூ இன்னும் உயிரோடு இருக்கலாம். வாய்க்கால் மதகை இறக்குவது போல உடனே அந்தச் சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு அதை டைரக்டரி சர்வீசஸ் ரீஸ்டோர் மோடில், அதாவது ஆக்டிவ் டைரக்டரி இயங்காத மீட்பு நிலையில், துவக்கி, என்டிடிஎஸ்யூட்டில் கருவியில் 'அதாரிட்டேட்டிவ் ரீஸ்டோர்' மூலம் அந்த ஓயூவைக் குறியுங்கள். இது பதிப்பு எண்ணை 1,00,000 கணக்கில் உயர்த்துவதால், சர்வரைச் சாதாரணமாகத் துவக்கி கேபிளைச் செருகியதும் மற்ற சர்வர்கள் நீக்கத்தை விட்டு இதை ஏற்றுக்கொள்ளும். அங்கும் அழிந்திருந்தால் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (ஆக்டிவ் டைரக்டரியும் அடங்கிய சர்வர் நகல்) வேண்டும், அது 180 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ரீஸ்டோர் மோடில் பேக்கப்பை மீட்டு, சர்வரைச் சாதாரணமாகத் துவக்கும் முன்பே ஓயூவை இதே போலக் குறியுங்கள். குறிக்காமல் துவக்கினால் பக்கத்துச் சர்வர் மறுபடி அழித்துவிடும். இந்த வழியில் குழு உறுப்பினர் விவரம் சில விடுபடலாம், ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

எந்த வழியில் மீட்டாலும் 'சைட்ஸ் அண்ட் சர்வீசஸ்' போய், மாற்றத்தை மற்ற சர்வர்களுக்கு உடனே பரப்பும் 'ரெப்ளிகேட் நவ்' கொடுங்கள். மன்னார்குடியில் ஒருவரை மட்டும் லாகின் செய்து, ஒரு ஃபோல்டரைத் திறந்து, ஒரு பில்லையும் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். அது நடந்த பிறகு மற்றவர்களுக்குச் சொல்லலாம். அன்றைக்கே ஒவ்வொரு ஓயூவின் ப்ராப்பர்ட்டீஸிலும் தவறுதலான நீக்கத்தைத் தடுக்கும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.